மாக்கோலமும் முகப்பூச்சும்

பொங்கலுக்கு முதல் நாள் விடியற்காலை. குடவாசலில் எங்கள் வீட்டு வாசலைக் கழுவிவிட்டு, அரைத்த அரிசி மாவில் துணியை நனைத்து என் அக்கா கோலம் போட்டுக்கொண்டிருந்தார். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அவர் மகள் ஒரு சிறு டப்பாவுடன் என்னிடம் வந்தாள்.

"மாமா, என் முகத்தைப் பாருங்க. ரெண்டு நாள்தான் போட்டேன். வித்தியாசம் தெரியுதுல்ல?"

டப்பாவை வாங்கிப் பார்த்தேன். மூடியில் ஓர் அழகான பெண்ணின் படம் இருந்தது. தயாரித்தவர் பெயர் இல்லை, முகவரி இல்லை, உரிம எண் இல்லை. உள்ளே என்னென்ன கலந்திருக்கிறது என்ற பட்டியலும் இல்லை. "இதை இன்றோடு நிறுத்திவிடு" என்றேன். அவள் முகம் வாடிவிட்டது.

"போட்டுச் சோதிச்சுப் பாத்தாத்தானே நல்லதா கெட்டதான்னு தெரியும்? நீங்கதானே எல்லாத்தையும் சோதிச்சுப் பாக்கணும்னு சொல்வீங்க!"

கேள்வி நியாயமானதுதான். புதிய கிரீம் ஒன்றை வாங்கிப் பூசிப் பார்ப்பதும் ஒரு பரிசோதனையே. ஆனால் பரிசோதனை என்றால் அதற்கு முறை வேண்டும் அல்லவா? எதை வீட்டில் சோதிக்க முடியும், எதைச் சோதிக்க முடியாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மாணவ நண்பர்களே, அன்று அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

கோலம் ஏன் மெல்ல வெளுக்கிறது?

முதலில் அவளை வாசலுக்கு அழைத்துச் சென்றேன். அக்கா அப்போதுதான் போட்டு முடித்த இழைகள் மங்கலாக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருந்தன. கால் மணி நேரத்துக்கு முன் போட்டவையோ பளிச்சென்று வெளுத்திருந்தன. மாவு ஒன்றுதான், தரையும் ஒன்றுதான். பிறகு ஏன் இந்த வேறுபாடு? குழைத்துப் பூசிய திருநீறும் இப்படித்தான். ஈரமாக இருக்கும்போது மங்கியிருந்து, உலர்ந்த பின்பே பளிச்சிடும்.

ஒளி ஓர் ஊடகத்திலிருந்து இன்னொன்றுக்குச் செல்லும்போது அதன் ஒரு பகுதி எல்லையிலேயே திரும்பிவிடுகிறது. எவ்வளவு திரும்பும் என்பதை இரண்டு ஊடகங்களின் ஒளிவிலகல் எண்கள் முடிவு செய்கின்றன. எண்கள் அருகருகே இருந்தால் திரும்பும் ஒளி குறைவு. விலகி இருந்தால் அதிகம். காற்றின் எண் 1. நீருக்கு 1.33. அரிசி மாவுக்கு ஏறக்குறைய 1.5. ஈர மாவில் துகள்களின் இடையே நீர் நிற்கிறது. எண்கள் நெருங்கியிருப்பதால் ஒளி துகள்களைத் தாண்டித் தரைக்குப் போய்விடுகிறது. நாம் காண்பது தரையின் நிறத்தை. உலர்ந்த பிறகு நீர் இருந்த இடத்தில் காற்று வந்துவிடுகிறது. ஒவ்வொரு துகளின் பரப்பிலும் ஒளி திரும்பித் திரும்பி எல்லாத் திசைகளிலும் சிதறுகிறது. அதைத்தான் வெண்மை என்கிறோம்.

முகத்துக்குப் போடும் பவுடரும் இதே வேலையைச் செய்கிறது. அதில் பெரும்பகுதி டால்க் என்னும் கனிமத் தூள். அதன் ஒளிவிலகல் எண் சுமார் 1.58. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு எண்களின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்து, வருவதை வர்க்கப்படுத்துங்கள். நேராக விழும் ஒளியில் எவ்வளவு பங்கு திரும்பும் என்பது கிடைக்கும். காற்றிலிருந்து டால்க்குக்குச் செல்லும் ஒளியில் நூற்றுக்கு 5 பங்கு திரும்புகிறது. தேங்காய் எண்ணெயிலிருந்து (1.45) டால்க்குக்குச் செல்லும்போது நூற்றுக்கு 0.2 பங்குகூட இல்லை! கல்யாண மண்டபத்தில் காலையில் பவுடர் பூசிய முகம், வியர்வையும் எண்ணெய்ப் பசையும் கசிந்ததும் பந்தி முடிவதற்குள் திட்டுத் திட்டாகிவிடுவதன் இரகசியம் இதுவே.

செய்து பாருங்கள்

ஒரு பழைய சிலேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு பக்கத்தில் சிறிது டால்கம் பவுடரை விரலால் மெல்லியதாகத் தேயுங்கள். தூசியாகப் பறக்க விட வேண்டாம். மறு பக்கத்தில் மருந்துக் கடையில் கிடைக்கும் காலமைன் லோஷனைத் தடவி உலர விடுங்கள். இரண்டும் வெளிறித் தெரியும். இப்போது இரண்டின் மேலும் ஒவ்வொரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுங்கள்.

பவுடர் இருந்த இடத்தில் சிலேட்டின் கருமை மீண்டும் எட்டிப் பார்க்கும். காலமைன் இருந்த இடம் பெரிதும் வெளிறியே இருக்கும். காலமைனில் துத்தநாக ஆக்சைடு இருக்கிறது. அதன் ஒளிவிலகல் எண் 2. எண்ணெய்க்குள் கிடந்தாலும் அது ஒளியைத் திருப்பும். டைட்டேனியம் டை ஆக்சைடின் எண்ணோ 2.7 வரை போகும். எண்ணெய்க்குள்ளும் நூற்றுக்கு 9 பங்கு ஒளியைத் திருப்பிவிடும். சுவர்ப் பெயிண்டின் வெண்மைக்கு இதுவே காரணம். பல முகப்பூச்சுகளிலும் இது கலக்கப்படுகிறது.

ஆகவே பூசிய சில நிமிடங்களில் முகம் வெளுத்தால், மாறியது தோல் அன்று; தோலின் மேல் நடக்கும் ஒளியின் ஆட்டம். சோப்புப் போட்டுக் கழுவினால் போய்விடும். சுவருக்கு வெள்ளையடித்தால் செங்கல்லின் நிறம் மாறிவிடுமா?

கழுவிய பிறகும் தெரிகிறதே!

"கழுவின அப்புறமும் வெளுப்பாத்தான் தெரிஞ்சுது மாமா" என்றாள் மருமகள். "எங்கே பார்த்தாய்?" என்று கேட்டேன். முன்பு கொல்லைப்புற அறையில் குண்டு விளக்கின் கீழே. இப்போது கூடத்தில் புதிதாகப் போட்ட எல்.இ.டி. விளக்கின் கீழே! மஞ்சள் ஒளியில் ஒரு முகம், வெள்ளை ஒளியில் வேறொரு முகம். கைபேசியில் படம் எடுத்து ஒப்பிடலாம் என்றால், காட்சிக்கேற்ப அதுவே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பலன் தெரிய வேண்டும் என்று ஆசைப்படும் கண் பலனைக் கண்டே தீரும். இது கண்ணின் குற்றம் அன்று, மனித இயல்பு. விஞ்ஞானிகளுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. அதனால்தான் எதற்கு மருந்து பூசப்பட்டது என்று தெரியாத ஒருவரை முடிவு சொல்ல வைக்கிறார்கள்.

ஆனால் உண்மையாகவே நிறம் மாறினால்? மகிழ்ச்சி அடைவதற்கு முன் அங்கேதான் பயப்பட வேண்டும்.

தோலின் நிறத்துக்குக் காரணம் மெலனின் என்ற நிறமி. கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் இதைத் தயாரிக்கும் செல்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே. தயாராகும் நிறமியின் அளவும் வகையுமே வேறு. வெயிலின் புற ஊதாக் கதிர்கள் செல்லின் உட்கருவைத் தாக்காதபடி மெலனின் அவற்றை உறிஞ்சிக்கொள்கிறது. நம் வயல்களில் உச்சி வெயிலில் குனிந்து நடவு நடும் பெண்களின் தோலில் இயற்கை பிடித்திருக்கும் குடை அது. குடையை மடக்குவதற்குக் காசு கொடுப்பது என்ன புத்திசாலித்தனம்?

மெலனின் உருவாக டைரோசினேஸ் என்ற நொதி தேவை. அது வேலை செய்ய அதில் செம்பு அணுக்கள் இருக்க வேண்டும். பாதரச உப்புகள் இந்த நொதியை முடக்கிவிடுகின்றன. தோல் வெளுப்பது உண்மைதான். ஆனால் பாதரசம் தோலோடு நிற்பதில்லை. இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் போய்த் தங்குகிறது.

கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் கோட்டக்கல் என்ற ஊர் இருக்கிறது. 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை அங்குள்ள ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையில், சிறுநீரகத்தின் வடிகட்டிச் சவ்வு பழுதாகிப் புரதம் சிறுநீரில் ஒழுகும் நோய் 22 பேரிடம் கண்டறியப்பட்டது. அவர்களுள் 15 பேருக்கு வந்தது நெல்-1 என்ற புரதம் தொடர்பான அரிய வகை. (நம் வயல் நெல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை!) மருத்துவர்கள் துருவித் துருவி விசாரித்தார்கள். 15 பேரில் 13 பேர் நிறம் வெளுக்கும் கிரீம் பூசி வந்தவர்கள். கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினார்கள். 'கிட்னி இன்டர்நேஷனல்' என்ற மருத்துவ ஏட்டில் இந்த ஆய்வு வெளியாயிற்று.

இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி, இத்தகைய கிரீம்களில் பாதரசம் சேர்க்கக் கூடாது. தற்செயலாகக் கலந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பத்து லட்சத்தில் ஒன்று என்றால் எவ்வளவு? ஆயிரம் அரிசி மணி ஏறக்குறைய 20 கிராம் என்று வைத்துக்கொண்டால், 20 கிலோ மூட்டையில் ஒரே ஓர் அரிசி. 2018இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில் 22 நாடுகளில் வாங்கிய 338 கிரீம்களைச் சோதித்தபோது 34இல் பாதரசம் வரம்பை மீறியிருந்தது. சிலவற்றில் பத்து லட்சத்தில் 16,000 பங்கு! அதே மூட்டையில் இது 300 கிராமுக்கும் மேல்.

இதை வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. பாதரசம் கலந்த கிரீமுக்குத் தனி நிறமோ மணமோ இல்லை. கையில் பூசிப் பார்த்தாலும் அரிப்பு வராமல் போகலாம். ஆய்வகக் கருவி மட்டுமே சொல்லும். நமக்கு இருக்கும் ஒரே ஆயுதம் உறையைப் படிப்பது. பெயர், முகவரி, உரிம எண், உட்பொருள் பட்டியல், காலாவதி நாள் இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் வாங்காதீர்கள். 'காலமெல்' அல்லது 'மெர்க்குரி' என்று தொடங்கும் பெயர் இருந்தால் தொடாதீர்கள். 'தங்க, வெள்ளி நகைகளில் படக்கூடாது' என்ற எச்சரிக்கையும் ஐயத்துக்குரியது. பாதரசம் அந்த உலோகங்களோடு சேர்ந்து இரசக்கலவை ஆகும் என்று வேதியியலில் படித்திருப்பீர்களே! ஸ்டீராய்டு கலந்த கிரீம்களும் ஆபத்தானவை. தொடர்ந்து பூசினால் தோலை மெலிய வைக்கும். 2018இல் இவற்றில் 14 வகைகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அரசு அறிவித்தது.

சோதிக்கும் முறை

உறை சரியாக இருக்கிறது, வீட்டில் பெரியவர்களும் சம்மதித்துவிட்டார்கள் என்றால், அடுத்துத் தோல் ஏற்கிறதா என்று பாருங்கள். முகத்தில் வேண்டாம். முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு ரூபாய் அளவு இடத்தில் நாளுக்கு இரண்டு முறை, 7 முதல் 10 நாட்கள் பூசுங்கள். ஏன் இத்தனை நாள்? ஒவ்வாமை உடனே வருவதில்லை. உடல் அந்தப் பொருளை 'அந்நியன்' என்று அடையாளம் காணவே பல நாட்கள் ஆகலாம். அதன் பிறகும் ஒவ்வொரு முறையும் தடிப்பு எழ இரண்டு மூன்று நாட்கள் பிடிக்கும். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு 'ஒன்றும் செய்யவில்லை' என்பது விதைத்த அன்றே கதிரைத் தேடுவது போலத்தான். சிவந்தாலோ அரித்தாலோ உடனே கழுவி நிறுத்திவிடுங்கள். நான் பதினைந்து வயதில் ஒரு கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு புதுக் கிரீமை முகம் முழுதும் அப்பிக்கொண்டேன். கல்யாணப் படத்தில் வீங்கிய கண்களோடு நிற்பவன் நானே.

மூன்றாவதாக, பலன் உண்டா என்று பாருங்கள். பத்து நண்பர்கள் சேருங்கள். ஒவ்வொருவரும் நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் இடது முன்கையிலும் பூ விழுந்தால் வலது முன்கையிலும் மட்டும் பூச வேண்டும். இரண்டு வாரம் கழித்து, பூசாத ஒரு நாளில் கைகளைக் கழுவித் துடைத்து, பகல் வெளிச்சத்தில் நீட்டுங்கள். விவரம் தெரியாத ஒருவர் 'பூசிய கை எது?' என்று சொல்லட்டும். வெறும் ஊகத்திலேயே பத்தில் ஐந்து சரியாக வரும். எட்டு அல்லது அதற்கு மேல் ஊகத்தால் சரியாக வருவது 1024இல் 56 வாய்ப்புகளே. எனவே எட்டைத் தாண்டினால் ஏதோ இருக்கிறது என்று கொள்ளலாம்.

பாட்டியின் தீர்ப்பு

டப்பாவை மருமகள் வாய்க்காலில் எறியப் போனாள். தடுத்துவிட்டேன். பாதரசம் இருந்தால் அது மீனுக்குப் போய், மீனிலிருந்து நமக்கே திரும்பும். மூடியை இறுக்கி, பாலித்தீன் உறையில் கட்டி, அபாயக் கழிவு என்று சொல்லித் தூய்மைப் பணியாளரிடம் ஒப்படைத்தோம். அதில் பாதரசம் இருந்ததா என்பது எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியில்லாத ஒன்றை உடம்பில் பூசக் கூடாது என்பது மட்டும் தெரிந்தது.

பள்ளி திறந்ததும், வீடுகளில் ஏற்கெனவே பயன்படுத்தி வந்த ஒரு சாதாரண ஈரப்பதக் கிரீமைக் கொண்டு அவளும் ஒன்பது தோழிகளும் சோதனையை நடத்தினார்கள். எங்கள் அம்மாதான் நடுவர். 'எந்தக் கை வெளுப்பு?' என்று கேட்டதற்கு அம்மா சொன்னவற்றில் ஆறுதான் பூசிய கை. பிறகு மருமகளுக்கே ஒரு யோசனை தோன்றியது. "பாட்டி, கண்ணை மூடிக்கிட்டுத் தடவிப் பாத்துச் சொல்லு. எந்தக் கை வழவழன்னு இருக்கு?" இந்த முறை பத்துக்கு ஒன்பது சரி!

வறண்ட தோலை மிருதுவாக்குவது நல்ல கிரீம் நேர்மையாகச் செய்யக்கூடிய வேலை. அதைக் கண் தெரிந்தவரைவிடக் கண்ணை மூடிய பாட்டி திருத்தமாகக் கண்டுபிடித்தார்.

சிந்தித்துப் பாருங்கள்: நாணயம் சுண்டாமல் எல்லோரும் வலது கையிலேயே பூசியிருந்தால் என்ன பிழை நேர்ந்திருக்கும்? மழையில் நனைந்த வெள்ளை வேட்டிக்கும் மாக்கோலத்துக்கும் என்ன உறவு?