மலையை மறைப்பது பனியா, புகையா?

நம்பிக்கை: அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் தென்படும் மங்கல் இயற்கையானது.

உண்மை: டென்னசிக்கும் வட கரோலினாவுக்கும் இடையிலுள்ள கிரேட் ஸ்மோக்கி மலைகளின் மேல் படரும் மெல்லிய நீலத்திரை மரங்கள் வெளியிடும் கரிம ஆவிகளால் உண்டாவதே என்பதால், இந்த நம்பிக்கையை முழுப் பிழை என்று தள்ளிவிட இயலாது. ஆயினும் கடந்த நூற்றாண்டின் பிற்பகுதிக் கோடைகளில் எதிர்மலையையே விழுங்கிய வெண்சாம்பல் மூட்டம் வேறு வகையைச் சேர்ந்தது. நிலக்கரி அனல்மின் நிலையங்கள் உமிழும் கந்தக டை ஆக்சைடு காற்றில் சல்பேட் நுண்துகளாக மாறி, ஈரத்தை உறிஞ்சிப் பருத்து, ஒளியைச் சிதறடிப்பதே அதற்குப் பெருங்காரணம். கிழக்குப் பகுதிப் பூங்காக்களில் இயல்பாக ஏறத்தாழ 145 கிலோமீட்டர் வரை எட்டக்கூடிய பார்வை, 1990களின் இறுதியில் 24 முதல் 40 கிலோமீட்டராகச் சுருங்கியிருந்தது.

நம்பிக்கை: பூங்காவின் காற்றைப் பூங்கா நிர்வாகமே சீராக்கிவிடலாம்.

உண்மை: நுண்துகள்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணிப்பவை. ஆகவேதான், 1977ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின்படி பாதுகாக்கப்படும் 156 பூங்காக்களுக்கும் வனாந்தரங்களுக்குமாக 1999இல் வகுக்கப்பட்ட வட்டாரப் புகைமூட்ட விதி, அத்தகைய பகுதி ஒன்றுகூட இல்லாத ஓஹையோ உள்ளிட்ட எல்லா மாநிலங்களையும் திட்டம் தீட்டப் பணித்தது.

நம்பிக்கை: திட்டம் என்றால் ஆலைகளுக்குப் பூட்டு.

உண்மை: செலவு, தேவைப்படும் காலம், ஆற்றல் மற்றும் பிற சுற்றுச்சூழல் விளைவுகள், ஆலையின் எஞ்சிய ஆயுள் ஆகிய நான்கையும் எடைபோட்ட பின்னரே மாநிலம் கட்டுப்பாட்டை முடிவு செய்கிறது. இவ்விதிக்கு முன்பே, கிராண்ட் கேன்யனுக்கு அருகிலிருந்த நவஹோ அனல்மின் நிலையத்தின் மூன்று அலகுகளிலும், புகையின் மீது சுண்ணாம்புக்கல் கூழைத் தெளித்துக் கந்தகத்தைப் பிரிக்கும் கருவிகள் 1999க்குள் பொருத்தப்பட்டன. அதன்பின் இருபது ஆண்டுகள் இயங்கிய அந்நிலையம் 2019இல் மூடப்பட்டதற்கு, மலிவான இயற்கை எரிவாயுவுடன் போட்டியிட முடியாமற்போனதே முதன்மைக் காரணமாகும்.

நம்பிக்கை: 2064இல் மூட்டம் அகன்றே தீர வேண்டும், தவறினால் தண்டனை.

உண்மை: அவ்வாண்டு திட்டமிடலுக்கான இலக்கே தவிரக் கெடு அன்று. வேகம் குறைந்த மாநிலம் அதற்குத் தக்க காரணம் காட்ட வேண்டும். இந்த ஏற்பாடு சற்றுத் தளர்வானது என்பதை மறுப்பதற்கில்லை. காட்டுத்தீப் புகையால் கணக்குக் குழம்பாதிருக்க, மனிதச் செயலால் பார்வை மிகவும் கெட்ட 20 விழுக்காடு நாட்களையே அளவுகோலாகக் கொள்ளும் முறை 2017இல் வந்தது.