பாயிண்ட் இக்னிஷன்: மலையில் ஈரம், கணவாயில் புழுதி

பாயிண்ட் வைத்த பழைய பெட்ரோல் ஜீப்போ 6 வோல்ட் புல்லட்டோ ஸ்டார்ட் ஆக மறுத்தால், அது நிற்கிற ஊரே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடும். இடுக்கியில் வண்டன்மேடு, பூப்பாறை, போடிமெட்டுப் பக்கம் என்றால் முதலில் ஈரத்தைச் சந்தேகிக்கலாம். பாலக்காட்டில் கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் பக்கம் என்றால் வெயிலையும் கணவாய்க் காற்று கொண்டுவரும் புழுதியையும்.

ஈரம் கெடுப்பது காயிலிலிருந்து பிளக் வரையுள்ள பாதையை. ஜீப்பின் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் பனி படிந்தால், கரண்ட் பிளக்குக்குப் போகாமல் மூடியின் உட்பக்கம் வழியாக எர்த்துக்கு இறங்கிவிடும். காய்ந்த துணியால் துடைத்தால் வண்டி கிளம்பும். மறுநாளும் அதே கதை என்றால், உள்ளே பென்சில் கோடு போலக் கரித்தடம் விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விழுந்திருந்தால் மூடியை மாற்றத்தான் வேண்டும். பிளக் ஒயரில் கசிவு இருந்தால் இருட்டில் இன்ஜினை ஓடவிட்டாலே நீலப்பொறி காட்டிக்கொடுக்கும்.

சூட்டில் வரும் கோளாறு வேறு. நன்றாக ஓடிய வண்டி நின்று, ஆறியதும் மறுபடி கிளம்பும். நின்ற உடனே பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. பொறி பலமாக இருந்தால் பெட்ரோல் பக்கம் போக வேண்டும். பிளக்கில் மெலிந்த மஞ்சள் பொறியும் பாயிண்டில் பெரிய பொறியும் தெரிந்தால் கண்டன்சர் போயிருக்கும். காயிலும் சூட்டில் இப்படிக் கைவிடுவதுண்டு.

ஆனால் காயிலை வாங்குவதற்கு முன் எர்த்தைச் சுத்தம் செய்வதே புத்திசாலித்தனம். 6 வோல்ட்டில் அரை வோல்ட் துருவில் போனால் பன்னிரண்டில் ஒரு பங்கு போய்விட்டது. 12 வோல்ட் வண்டிக்கு அது பெரிதாகத் தெரியாது. பேட்டரி முனை, ஃபிரேம், சாவி சுவிட்ச் மூன்றையும் பளபளக்கத் தேய்த்தாலே பல வண்டிகள் உயிர்பெறும்.

பழைய புல்லட்டில் சோதனைக் கருவி ஹெட்லைட்டுக்கு மேலேயே இருக்கிறது. சாவியைப் போட்டுக் கிக்கரை மெதுவாக அழுத்தினால், பாயிண்ட் மூடும்போது அம்மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாயும், திறக்கும்போது நடுவுக்கு வரும். முள் அசையாவிட்டால் பாயிண்டில் புழுதியோ எண்ணெய்ப் பிசுக்கோ இருக்கும், அல்லது கரண்ட் அங்கே வரவில்லை.

பாயிண்ட் இடைவெளி புல்லட்டுக்கு 0.35 முதல் 0.40 மி.மீ., ஹரிக்கேன் இன்ஜின் ஜீப்புக்கு 0.50 மி.மீ. கேமில் உரசும் குதி தேயத் தேய இடைவெளி குறைந்து டைமிங் பின்தங்கும். மேட்டில் வண்டி இழுக்காது. அதனால் இடைவெளியைச் சரிசெய்த பிறகே டைமிங்கைத் தொட வேண்டும்.