உள்ளே வாழும் பங்கசு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

1869-இல் பதுளை மாவட்டத்தின் மடுல்சீமையில் கோப்பி இலைகளின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் தூள் படிந்திருப்பதைக் கண்டார்கள். பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவெயிட்ஸ் நோய் கண்ட இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பிவைத்தார். பங்கசு ஆய்வாளர் பெர்க்லி அதே ஆண்டில் அந்த உயிருக்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். அடுத்த இருபது ஆண்டுகளில் இலங்கையின் கோப்பி வணிகம் படுத்துவிட்டது. இதைப் பார்த்த ஊவா மலைகளில் பங்கசு என்றாலே நோய் என்று நினைப்பதில் வியப்பில்லை. ஆனாலும் இன்னோர் உயிருக்குள் குடியிருக்கும் பங்கசுகளைப் பற்றி நாம் நம்பிவரும் பல செய்திகள் தவறானவை. அவற்றில் ஐந்தைப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: மண்ணின் சத்துத் தீர்ந்ததால் கோப்பி அழிந்தது.

உண்மை: அன்றைய துரைமார் பலரும் அப்படித்தான் நம்பினார்கள். உரத்தைக் கூட்டிப் போட்டால் மரம் தேறிவிடும் என்று காத்திருந்தார்கள். 1880-இல் இங்கு வந்த ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர், கோப்பி மரங்களுக்கிடையே கண்ணாடித் தகடுகளை வைத்துக் காற்றில் வரும் வித்திகளைப் பிடித்துப் பார்த்தார். இலையில் ஈரம் இருக்கும்போது வித்தி முளைத்து, அடிப்பக்கத்து இலைவாய் வழியாக உள்ளே போகிறது என்பதைக் காட்டினார். நோய் பிடித்த இலை காலத்துக்கு முன்பே உதிரும். ஆண்டுதோறும் இலையை இழக்கும் மரம் காய்க்க வலுவின்றித் தளர்ந்துபோகும். மலைக்கு மலை, இடைவெளியே இல்லாமல் கோப்பியை மட்டும் நட்டிருந்ததால் காற்றில் பறந்த வித்தி எங்கே விழுந்தாலும் அதற்கு இரை கிடைத்தது. நோயைத் தந்தது பங்கசு. அதைப் பேரழிவாக வளர்த்தது நடவு முறை.

நம்பிக்கை 2: நம் முன்னோர் தேயிலைக்காகவே அழைத்துவரப்பட்டார்கள்.

உண்மை: முதலில் வந்தவர்கள் கோப்பிக்காக வந்தார்கள். மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே நடந்து மலையேறினார்கள். பழம் பறித்து முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பினார்கள். தேயிலையும் நோய்க்குப் பிறகு வந்ததல்ல. மடுல்சீமையில் நோய் தெரிவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1867-இல், லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். கோப்பி சரிந்த பிறகே அது மலைகளை நிறைத்தது. 1890-இல் தோமஸ் லிப்டன் ஹப்புத்தளைக்கு அருகே தம்பேதன்ன தோட்டத்தை வாங்கியபோது கோப்பிக் காலம் முடிந்திருந்தது. கோப்பிக்குப் பருவம் உண்டு. கொழுந்தோ வருடம் முழுக்க எடுக்க வேண்டியது. ஆகவே குடும்பங்கள் லயங்களில் தங்க வேண்டியதாயிற்று. பருவத்துக்கு வந்துபோன மக்கள் இந்த மலைகளில் நிலையாகக் குடியேறியதில் அந்தச் செம்மஞ்சள் தூளுக்கும் பங்கு உண்டு.

நம்பிக்கை 3: கொப்புளம் தெரிந்த பிறகு மருந்தடித்தால் போதும்.

உண்மை: தேயிலையின் கொப்புள நோயைத் தருவதும் ஒரு பங்கசுதான். 1946-இல் இலங்கையில் கண்டறியப்பட்ட அது இளங்கொழுந்தை மட்டுமே தாக்கும். முதலில் வெளிறிய, எண்ணெய் பட்டாற்போன்ற சிறு புள்ளி தெரியும். பிறகு இலையின் மேல்பக்கம் குழிந்து, அடிப்பக்கம் வெள்ளையாகப் புடைக்கும். கொப்புளம் கண்ணுக்குத் தெரியும்போது பங்கசு இலைக்குள் புகுந்து பல நாட்கள் ஆகியிருக்கும். செம்பு கலந்த மருந்து இலையின் மேல் தங்கி, புதிதாக முளைக்கும் வித்தியைக் கொல்லும். உள்ளே இருப்பதை அது எட்டாது. எனவே மழையும் பனிமூட்டமும் தொடங்கும்போதே தெளிக்க வேண்டும். கொழுந்தெடுக்கும் சுற்றைத் தள்ளிப்போடாமல் இருப்பதும், நிழல் மரக் கிளைகளை மழைக்கு முன் கழித்துவிடுவதும், கவ்வாத்துக்குப் பின் துளிர்க்கும் மலைகளைத் தனியாகக் கவனிப்பதும் மருந்துக்குச் சமமான காவல்.

நம்பிக்கை 4: உப்புத் தண்ணீரில் பங்கசு பிழைக்காது.

உண்மை: தாராளமாகப் பிழைக்கும். கண்டல் காடுகளில் சேற்றில் விழும் இலையை மக்கவைத்து, நண்டும் இறாலும் தின்னும் உணவாக மாற்றுவதில் பங்கசுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. 1945-இல் இத்தாலியின் சார்டினியா தீவில், கழிவுநீர் கடலில் கலக்கும் இடத்திலிருந்து ஜியுசெப்பே புரோட்சு என்ற ஆய்வாளர் ஒரு பங்கசைப் பிரித்தெடுத்தார். செஃபலோஸ்போரின் வகை மருந்துகள் அதிலிருந்தே பிறந்தன. புண்ணுக்கும் நெஞ்சுச் சளிக்கும் நமக்குத் தரப்படும் செஃபலெக்சின் மாத்திரை அந்த வகையைச் சேர்ந்ததுதான்.

நம்பிக்கை 5: இன்னோர் உயிருக்குள் இருக்கும் பங்கசு எல்லாம் ஒட்டுண்ணி.

உண்மை: கடற்பஞ்சைப் பாருங்கள். செடி போலத் தோன்றினாலும் அது விலங்கு. கண்டல் வேர்களிலும் பாறைகளிலும் ஒட்டிக்கொண்டு, தன் உடலைவிடப் பல ஆயிரம் மடங்கு நீரை ஒரே நாளில் வடிகட்டி இரை தேடுகிறது. அதன் உடலிலிருந்து அஸ்பெர்ஜிலஸ், பெனிசிலியம் போன்ற பங்கசுகளை ஆய்வாளர்கள் தொடர்ந்து பிரித்தெடுக்கிறார்கள். அவை சுரக்கும் பொருட்களில் மருந்து தேடுகிறார்கள். ஆனால் கடற்பஞ்சில் கிடைத்ததெல்லாம் அங்கேயே வாழ்வது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. கொஸ்லந்தைக்கு அருகே விழும் தியலும அருவியின் நீர், கிரிந்தி ஓயாவில் கலந்து தென்கடலை அடைகிறது. அப்படி ஆறுகள் கொண்டுசேர்க்கும் நிலத்து வித்திகளும் அந்த வடிகட்டியில் சிக்கும். வழிப்போக்கர் யார், குடியிருப்பவர் யார் என்று ஒவ்வொன்றாகச் சோதித்துத்தான் சொல்ல முடியும். உண்மையான குடியிருப்புக்கும் சான்று உண்டு: கொண்ட்ரில்லா என்ற கடற்பஞ்சு, தன் முட்டைக்குள் ஈஸ்ட்டை வைத்து அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பதை 2005-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். தாயே பிள்ளைக்குக் கொடுத்தனுப்பும் ஒன்றை ஒட்டுண்ணி என்று எளிதில் தள்ளிவிட முடியாது. நம் மலைகளிலும் அப்படித்தான். தேயிலை வேருக்குள் வாழும் சில பங்கசுகள் மண்ணிலிருந்து பொசுபரசை எடுத்துச் செடிக்குக் கொடுக்கின்றன. கோப்பியை அழித்த பங்கசையே தின்னும் வெண்பங்கசும் உண்டு.

பங்கசு நண்பனா, பகைவனா என்பது அது எந்த உயிரில், எந்தச் சூழலில் வாழ்கிறது என்பதைப் பொறுத்தது. சூழலை அமைப்பது பெரும்பாலும் மனிதர்களே. இன்றைய வீ.பீ. தேயிலை, ஒரே தாய்ச்செடியின் துண்டுகளிலிருந்து வளர்த்து நடப்படுவது. ஒரு மலை முழுக்க ஒரே இரகமாக இருந்தால், ஒரு செடியை வெல்லக் கற்ற பங்கசு அந்த மலையையே வென்றுவிடும். இரகங்களைக் கலந்து நடுவதும், ஓடைக்கரைக் காட்டை வெட்டாமல் விடுவதும், மண்ணை உயிரோடு வைத்திருப்பதும் இந்த மலைகள் 1869-இலேயே படித்திருக்க வேண்டிய பாடம். கோப்பி விழுந்தபோது கூலி பாக்கியோடும் பசியோடும் நின்றவர்கள் தொழிலாளர்கள். தேயிலைக்கு அப்படி ஒரு நாள் வந்தால் முதலில் அடிபடப்போவதும் அவர்களின் பேரப்பிள்ளைகள்தான். அதனால் இந்தப் பாடம் தோட்ட நிர்வாகத்தின் கோப்புகளில் மட்டும் இருந்தால் போதாது. தோட்டப் பள்ளிக்கூடங்களிலும் சொல்லித்தரப்பட வேண்டும்.