இணை தேடும் ஆட்டமும் ஓவியப் பயிற்சியும்

கவிழ்த்து வைத்த சீட்டுகளை இரண்டிரண்டாகத் திருப்பி, ஒத்த படங்களைக் கண்டெடுக்கும் ஆட்டத்தைச் சிறுவர் பலரும் அறிவர். ஜப்பானியரின் 'கை அவாசே' என்னும் பழைய ஆட்டமும் இவ்வகையினதே. சிப்பியின் இரு ஓடுகளையும் பிரித்து, உட்புறத்தே ஓவியம் தீட்டி, மீண்டும் இணை சேர்ப்பர். ஓர் ஓடு தன் இணையோடன்றி வேறெதனோடும் பொருந்தாது; ஆதலின் இச்சிப்பிகள் மணமகளுக்குரிய சீர்ப்பொருளாகவும் விளங்கின.

இத்தகைய ஆட்டத்தை உலகப் புகழ்பெற்ற ஓவியங்களைக் கொண்டு இன்று நாமே ஆக்கிக்கொள்ளலாம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், காப்புரிமைக் காலம் கடந்த கலைப்பொருள்களின் படங்கள் ஏறத்தாழ 3,75,000ஐக் கட்டணமும் முன் அனுமதியும் இன்றி எவரும் எடுத்தாளலாம் என 2017 பிப்ரவரியில் அறிவித்தது. வாஷிங்டனைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்மித்சோனியன் நிறுவனம் 2020இல் 28 லட்சம் படங்களை இவ்வாறே திறந்துவிட்டது. எனினும் அங்குள்ள எல்லாப் படங்களும் பொதுவுடைமை அல்ல. அண்மைக்கால ஓவியர்களின் ஆக்கங்களுக்கு உரிமை நீடிக்கிறது. ஒவ்வொரு படத்தின் குறிப்பையும் பார்த்தே எடுத்தல் வேண்டும்.

ஒரே படத்தை இரண்டு சீட்டுகளில் அச்சிடுவது பொதுவழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. சீட்டு எங்கே கிடந்தது என்பதை நினைவில் வைத்தவர் வென்றுவிடுவார். ஓவியத்தை அவர் பார்க்கவே வேண்டியதில்லை! ஆகவே முழு ஓவியங்களை நிமிர்த்திப் பரப்பி, அவற்றின் சிறு பகுதிகளைப் பெரிதாக்கிய சீட்டுகளைக் கவிழ்த்து வைக்கலாம். எடுத்த துண்டு எந்த ஓவியத்தினது என்று சொல்ல இயலாதவர் அதனைத் திரும்ப வைத்துவிட வேண்டும்.

ப்ரூகல் 1565இல் தீட்டிய 'அறுவடை செய்வோர்' என்னும் ஓவியத்தைக் கொள்வோம். முற்றிய கோதுமை வயலும், மரநிழலில் கால்பரப்பி உறங்கும் உழவனும் எவர் கண்ணிலும் படும். தொலைவில் மங்கித் தெரியும் கப்பல்களை மட்டும் வெட்டியெடுத்துக் கொடுத்தால், மாணவர் கடலோவியத்தைத் தேடி அலைவரேயன்றி வயற்பக்கம் திரும்பார்.

இலக்கிய மாணவர்க்கு மிகவும் உகந்தது 'பறவைகளின் கூட்டம்' என்னும் பாரசீக ஓவியம். பரீதுத்தீன் அத்தார் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய 'மன்திகுத் தைர்' காவியத்தின் கையெழுத்துப்படி ஒன்றிற்காக, 1600ஆம் ஆண்டையொட்டி ஹபீபுல்லாஹ் என்னும் ஓவியர் வரைந்தது. சீமுர்க் என்னும் அரசப் பறவையைத் தேடிப் புறப்படவிருக்கும் பறவைகளுக்கு, ஹுத்ஹுத் எனும் கொண்டலாத்தி பாறைமேல் அமர்ந்து வழிகாட்டுகிறது. மயிலையும் கொண்டலாத்தியையும் மாணவர் எளிதில் பொருத்திவிடுகின்றனர். ஆனால் பாறைகளுக்கு அப்பால் துப்பாக்கியுடன் நிற்கும் மனிதன் ஒருவனும் அதே ஓவியத்தில் உண்டு. அத்தார் காலத்துப் பாரசீகம் துப்பாக்கியை அறியாது. ஓவியர் தம் காலத்தைக் காவியத்துள் புகுத்திவிட்டார். உரையாசிரியர்கள் தம் காலத்து வழக்கை மூலநூலுள் ஏற்றியுரைப்பதை விளக்க, இதனினும் நல்ல சான்று எனக்குக் கிட்டியதில்லை.

காவியம் படித்தவரே அச்சீட்டைக் கையிலெடுத்து நெடுநேரம் தயங்குவர். பெரும்பாலும் அது கடைசிவரை மேசைமீதே கிடக்கும்.