சொந்தத் தொழிலுக்கு முன் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுங்கள்

நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் மாமாவுக்காக ஒரு செயலி எழுத ஆரம்பித்தான் என் சித்தி மகன். சிறுசேரியில் ஐ.டி. வேலை, ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் இதற்கு உட்காருவான். எந்த வண்டி எங்கே நிற்கிறது, டிரைவர் பேட்டா எவ்வளவு போனது, வாடகை பாக்கி யாரிடம் என்று காட்டும் சின்னச் செயலி. ஆறு மாதத்தில் பக்கத்து ஆபீஸ்காரர்கள் இரண்டு பேர் காசு கொடுத்து வாங்கத் தயாரானார்கள். அப்போதுதான் கேட்டான்: "அண்ணா, இது என்னோடதுதானே?"

"உன் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் எங்கே?" என்றேன். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் ஃபைலின் அடியில் கிடந்தது. பதினான்கு பக்கம். எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருந்தான், ஒரு பக்கத்தையும் படித்திருக்கவில்லை.

வேலையை விடாமலே தொழில் தொடங்க நினைக்கும் எல்லோருக்கும் முதல் வேலை அந்தப் பதினான்கு பக்கத்தைப் படிப்பதுதான். 'அறிவுசார் சொத்துரிமை' என்ற தலைப்பில் ஒரு பத்தி இருக்கும். அதில் மூன்று விஷயங்களைப் பென்சிலால் கோடிடுங்கள். எவையெல்லாம் நிறுவனத்துக்குச் சொந்தம்: வேலை தொடர்பானவையா, நீங்கள் உருவாக்கும் எல்லாமுமா? எந்த நேரத்தில் உருவானவை: வேலை நேரத்திலா, 'பணிக்காலம் முழுவதும்' என்றா? உரிமையைப் பிற்பாடு எழுதித் தருவதாக ஒப்புக்கொள்கிறீர்களா, கையெழுத்துப் போடும்போதே எழுதித் தந்துவிட்டீர்களா?

சொல்லைப் பிடித்துத் தொங்குவதாக நினைக்காதீர்கள். அமெரிக்காவின் பொம்மை நிறுவனமான மேட்டலில் வேலை பார்த்தபோதே 'பிராட்ஸ்' பொம்மைகளுக்கான யோசனையை எம்.ஜி.ஏ. என்ற போட்டி நிறுவனத்துக்குக் கொண்டுபோனார் கார்ட்டர் பிரையன்ட் என்ற வடிவமைப்பாளர். 'என் பணிக்காலத்தில் எந்நேரமும்' என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அந்த 'எந்நேரமும்' ராத்திரியையும் ஞாயிற்றுக்கிழமையையும் சேர்க்குமா? சேர்க்கும் என்றும் படிக்கலாம், சேர்க்காது என்றும் படிக்கலாம் என்று 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதற்குள் வழக்கு பல வருடம் ஓடியிருந்தது. கம்பெனிகள் தாங்கும். மாதச் சம்பளக்காரர் தாங்குவாரா?

அடுத்து, நம் சட்டம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, வேலையின் பகுதியாக ஊழியர் உருவாக்கும் படைப்புக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளியே முதல் உரிமையாளர். மென்பொருளும் இதில் அடக்கம். வேலைக்குச் சம்பந்தமில்லாமல், சொந்த நேரத்தில், சொந்தக் கம்ப்யூட்டரில் செய்தது சட்டப்படி உங்களுடையதுதான். ஆனால் இனி உருவாகப்போகும் படைப்பையும் முன்கூட்டியே எழுதித் தர அதே சட்டம் இடம் கொடுக்கிறது. உங்கள் ஆர்டரில் உள்ள பத்தி அந்த வழியாகத்தான் வருகிறது. 'உலகெங்கும், என்றென்றும்' என்று அதில் பெரிதாக எழுதியிருப்பதற்கும் காரணம் உண்டு: காலம் குறிப்பிடாத உரிமை மாற்றத்தை ஐந்து வருடத்துக்கு என்றும், இடம் குறிப்பிடாததை இந்தியாவுக்குள் என்றும்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். கண்டுபிடிப்புக்கான காப்புரிமை என்றால் நிலைமை இன்னும் இறுக்கம். 1970ஆம் வருடக் காப்புரிமைச் சட்டத்தில் ஊழியர் கண்டுபிடிப்பு யாருக்கு என்று தனிப் பிரிவு கிடையாது. ஒப்பந்தம் என்ன சொல்கிறதோ, பெரும்பாலும் அதுதான்.

வேறு தொழில் செய்யக்கூடாது என்ற தடை தனி. வேலையை விட்ட பிறகும் தொடரும் தடை, 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவால் பெரும்பாலும் செல்லாமல் போகும். வேலையில் இருக்கும்போது போட்ட தடை செல்லும் என்பதை உச்ச நீதிமன்றம் 1967இலேயே கோலிகாரி வழக்கில் தெளிவாக்கிவிட்டது. 2022இல் போட்டி நிறுவனங்களுக்கும் வேலை செய்த 300 பேரை வெளியேற்றியதாக விப்ரோவின் தலைவர் ரிஷாத் பிரேம்ஜி சொன்னார். அதே வருடம் இன்ஃபோசிஸ், முன்அனுமதி வாங்கிக்கொண்டு வெளிவேலை செய்யலாம் என்றது. ஆகவே உங்கள் நிறுவனத்தின் இன்றைய விதி என்ன என்று உள் இணையதளத்தில் தேடி, தேதியோடு எடுத்து வையுங்கள்.

இனி, தடயம். கோடில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு குறித்து வைக்கும் தம்பியின் கிட் (Git) பதிவுகளைத் திறந்து பார்த்தோம். முதல் வாரத்துப் பதிவுகள் ஒன்பதில் ஆபீஸ் மின்னஞ்சல் முகவரி. அவற்றில் இரண்டு மதியம் மூன்று மணிக்கு. புது லேப்டாப் வாங்கும்வரை ஆபீஸ் லேப்டாப்பில் எழுதியிருக்கிறான். "அழிச்சிடட்டுமா?" என்றான். கூடவே கூடாது. செய்ததைவிட அழித்ததுதான் பிறகு பெரிய குற்றமாக நிற்கும். அந்த இடத்திலேயே நிறுத்தி, அதையும் சேர்த்து அனுமதி கேட்பதுதான் வழி. இன்னும் தொடங்காதவர்கள் கொடுத்து வைத்தவர்கள்: சொந்த லேப்டாப், சொந்த போன் இணைப்பு, சொந்த மின்னஞ்சல், சொந்தக் காசில் சர்வர். ஆபீஸ் வாங்கித் தந்த ஏஐ கணக்கைக்கூடத் தொடாதீர்கள். ஆபீஸ் வாடிக்கையாளர் பட்டியல், பழைய புராஜெக்ட் கோடு எதுவும் இந்தப் பக்கம் வரக்கூடாது.

மனைவி பெயரில் தொடங்கினால் போதும் என்று பலர் சொல்வார்கள். என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கடை யார் பெயரில் இருந்தாலும் கோடு எழுதியவர் நீங்கள்தான். ஜி.எஸ்.டி. பதிவும் கம்பெனி இயக்குநர் பெயரும் யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கக்கூடியவை. மறைத்துச் செய்து மாட்டுவதைவிடக் கேட்டுச் செய்வது நிம்மதி.

எப்போது கேட்பது? அந்தப் பொருளுக்கு மதிப்பு வருவதற்கு முன்னால். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இது ஒன்றுதான். ஸ்டீவ் வாஸ்னியாக் ஹியூலெட் பேக்கர்டில் வேலை செய்துகொண்டேதான் முதல் ஆப்பிள் கணினியை வடிவமைத்தார். அதை முதலில் தன் நிறுவனத்திடமே கொண்டுபோய்க் காட்டினார். அவர்கள் வேண்டாம் என்றதும், உரிமை கோரமாட்டோம் என்ற உறுதியை வாங்கிக்கொண்டார். கணினி வெறும் சர்க்யூட் பலகையாக இருந்தபோது அந்த உறுதி எளிதாகக் கிடைத்தது.

மின்னஞ்சல் சுருக்கமாக இருக்கட்டும். மேனேஜர், எச்.ஆர். இருவருக்கும் சேர்த்து அனுப்புங்கள். என்ன செய்கிறீர்கள் என்று இரண்டு வரி. நிறுவனத்தின் தொழிலோடு இது ஏன் மோதவில்லை என்று ஒரு வரி. வேலை நேரமோ கருவிகளோ பயன்படுத்தமாட்டேன் என்று ஒரு வரி. கடைசியில் கேள்வியை நேராகக் கேளுங்கள்: இதைச் செய்ய அனுமதி உண்டா, இதன் உரிமை என்னுடையது என்று எழுத்தில் உறுதி தருவீர்களா? இரண்டும் வேறு வேறு. அனுமதி மட்டும் தந்துவிட்டு உரிமையைப் பற்றிப் பேசாத பதில் அரைப் பதில். மேனேஜர் வாய்மொழியாகத் தலையாட்டினால் நன்றி சொல்லி, அன்றைக்கே அதை எழுதி அனுப்பி, பதில் வாங்குங்கள். அவர் அடுத்த மாதமே வேறு கம்பெனிக்குப் போய்விடலாம்.

மறுத்துவிட்டால் நிறுத்திவிடுங்கள், அல்லது வேலையை விட்டுவிட்டுச் செய்யுங்கள். பெரிய பணம் சம்பந்தப்பட்டிருந்தால் வக்கீலுக்கு ஒரு மணி நேரக் கட்டணம் கொடுத்து அந்தப் பத்தியைக் காட்டிக் கேட்டுவிடுங்கள். புது வேலையில் சேரப்போகிறவர்களுக்கு இன்னும் நல்ல வழி இருக்கிறது. ஏற்கெனவே உங்களிடம் உள்ள படைப்புகளைப் பட்டியலிடப் பல ஆர்டர்களில் ஒரு பின்னிணைப்பு இருக்கும். பெரும்பாலானவர்கள் 'இல்லை' என்று எழுதிவிடுவார்கள். செயலியின் பெயர், தொடங்கிய தேதி, ஒரு வரி விளக்கம் எழுதுங்கள். அப்படி ஒரு பக்கமே இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

தம்பி அந்த ஒன்பது பதிவுகளையும் குறிப்பிட்டே மின்னஞ்சல் அனுப்பினான். எச்.ஆரிடமிருந்து இரண்டு முறை கேள்வி வந்தது, லாரி வாடகைக் கணக்கு என்றால் என்ன என்று. மூன்றாவது மின்னஞ்சலில் அனுமதியும் உரிமை உறுதியும் வந்தன. அச்செடுத்து அதே மார்க் ஷீட் ஃபைலில், ஆர்டருக்கு மேலே வைத்திருக்கிறான். பக்கத்து ஆபீஸ்காரர்களிடம் முன்பணம் வாங்கியது அதற்கு மறுநாள்தான்.