ஷவரில் ஒளிந்திருக்கும் கிருமி

கேள்வி: எங்கள் முதியோர் இல்லத்தில் மொட்டைமாடித் தாங்கியிலிருந்துதான் ஷவருக்குத் தண்ணீர் வருகிறது. லெஜியோனெல்லாவுக்குப் பயப்பட வேண்டுமா?
- வாசகி, கோப்பாய்

பதில்: பயம் வேண்டாம், பராமரிப்பு வேண்டும். 1976இல் பிலடெல்பியா ஹோட்டலொன்றில் கூடிய முன்னாள் படைவீரர்களைத் தாக்கிய நிமோனியாவுக்குக் காரணமான கிருமி இது. பெரும்பாலும் நுண்துளிகளை மூச்சில் இழுப்பதால் தொற்றுகிறது. 20 முதல் 45 பாகை செல்சியஸில் கிருமி பெருகும். நம் வெயிலில் தாங்கித் தண்ணீர் எப்போதும் அந்தச் சூட்டில்தான். போதாததற்கு, யாழ்ப்பாணக் கிணற்றுநீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறியது. ஷவர் தலையைக் கழற்றிப் பாருங்கள்: கேத்திலின் அடியில் படிவதுபோன்ற வெள்ளைப் படிவு. கிருமிக்கு அதுவே அடைக்கலம். மூன்று மாதத்துக்கொருமுறை வினாகிரியில் ஊறவைத்துத் தேயுங்கள். ஆளில்லாத அறைக் குழாய்களை வாரந்தோறும் துளி தெறிக்காமல் ஓடவிடுங்கள். தாங்கிக்கு இறுக்கமான மூடி, வண்டல் அகற்றல். கீசர் இருந்தால் 60 பாகை. முதியவர் தோல் வெந்துவிடாதபடி குழாயடியில் கலப்பு வால்வு. நுரையீரல் நோயாளிகளுக்கு, என்னைக் கேட்டால், வாளியும் கோப்பையுமே நல்லது.