மலைநாட்டுத் தேறல்

பிரிட்டன் தேசத்தில் பென்னைன் மலைத்தொடரைக் கடந்து செல்லும் இரயில்பாதையொன்று உண்டு. ஸ்டேலிபிரிட்ஜ், மார்ஸ்டன், ஹட்டர்ஸ்பீல்டு, டியூஸ்பரி என நிலையந்தோறும் இறங்கி, பீப்பாயினின்று வார்க்கும் பியரைச் சுவைத்துச் செல்வோர் அங்கே பலர். அப்பியர் வடிகட்டப்படாமலும் சூடேற்றப்படாமலும் பீப்பாயில் இடப்பெற்று, அதனுள்ளேயே மறுமுறை நொதித்து முதிர்வது. திறந்த சில நாளிற் கெட்டுவிடுமாதலின், அதன் சுவையை அறிய விரும்புவோர் அஃது இருக்குமிடத்திற்கே செல்லல் வேண்டும்.

இச்செய்தியைப் படித்த யாம், தமிழ் பயிலும் மாணவர் நால்வர், மலையும் மதுவும் சேர்ந்த இத்தகைய வழக்கு நம் பண்டை நூல்களில் உண்டோ என ஆராயப் புகுந்தோம். சென்ற விடுமுறையில் பத்துப்பாட்டையும் புறநானூற்றையும் கையிற்கொண்டு மதுரையில் போடிநாயக்கனூர் வண்டி ஏறினோம். 1928-இல் திறக்கப்பெற்ற இப்பாதை, அகலப்பாதையாக்கும் பொருட்டு 2010-இன் இறுதியில் மூடப்பட்டு, 2022-இல் தேனி வரையும் 2023-இல் போடி வரையும் மீண்டும் திறந்தது. வண்டி மலையை நோக்கிச் செல்லச் செல்ல, எம் ஆராய்ச்சியும் வளர்ந்தது.

முதற்கண் சொற்களை நோக்குவாம். தேறல் என்பது தெளிந்தது, தேறுதல் தெளிதலாம். அரியல் என்பது அரித்தெடுத்தது. பிழி என்பது பிழிந்தது. ஆகவே இவை வெறும் பெயர்களல்ல. செய்முறையைத் தம்முட் பொதிந்த சொற்கள் என்க.

பியரை ஒத்த பானம் நம்மிடத்தும் இருந்தது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் அதன் செய்முறையை முறையாகக் கூறுகின்றார். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆற்றி, இடித்த முளையைச் சேர்த்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, வலிய வாயையுடைய சாடியில் இளமை நீங்க முதிர்வித்து, விரலால் அலைத்து அரித்தெடுப்பர். தானியமும் முளையும் சாடியும் காலமும் கூடி மதுவாகும் இம்முறையை அறிந்தோர்க்குப் பீப்பாய்ப் பியர் புதுமையன்று.

இஃது அரிசி விளையும் நாட்டின் வழக்கு. மலைநாட்டிலோ கலமும் வேறு, பொருளும் வேறு. திருமுருகாற்றுப்படையில் குன்றக்குறவர் நெடிய மூங்கிலில் முதிர்ந்த தேனாலாகிய தேறலை உண்டு மகிழ்கின்றனர். மலைபடுகடாமும் மூங்கிற்குழாயில் விளைந்த தேறலைக் கூறும். அயலார்க்கு மரப்பீப்பாய் எத்தகையதோ, நம் குறவர்க்கு மூங்கில் அத்தகையது. கபிலரோ பறம்புநாட்டில் நிலத்திற் புதைத்து முதிர்வித்த தேறலைப் பாடுகின்றார் (புறம். 120).

நிற்க. தேனியில் இறங்கிப் பேருந்தேறி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் கடந்து லோயர் கேம்ப் சேர்ந்தோம். 1895-இல் முடிந்த பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்து மேற்கினின்று கிழக்கே திருப்பப்பெற்று, ஈண்டு மின்னிலையத்தின் வழியே இறங்கிப் பள்ளத்தாக்கை வளப்படுத்துகின்றது. நீர் எல்லையைக் கடந்து வருகின்றது. கள்ளோ எல்லையில் நிற்கின்றது. தமிழ்நாட்டில் கள் 1987 முதல் தடையுண்டது. புட்டியில் அடைத்த மதுவை அரசு நிறுவனமே விற்கின்றது. மலைச்சாலையில் ஏறிக் குமுளி எல்லையைக் கடந்தால் கேரளம். அங்கே உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் உள.

எம்முள் ஒருவர், "மேலே சென்று சிறிது பருகிப் பார்த்தால் பாட்டின் பொருள் நன்கு விளங்குமே" என்றார். அங்கே 23 அகவை நிரம்பாதவர்க்கு மது விற்றல் குற்றம் என்று மற்றொருவர் நினைவூட்டினார். இன்னொரு நண்பர் நெடுநேரம் ஒன்றும் பேசாது ஓடும் நீரையே நோக்கியிருந்தார். பின்பு, "ஔவையார் அதியமானைப் பாடியது நினைவிருக்கின்றதா? சிறிதளவே கள் கிடைத்தால் அவன் அதனைப் பிறர்க்குக் கொடுத்துவிடுவான். எந்தையோ எங்கள் வீட்டு அரிசிப் பணத்தைக் குடித்தார், அம்மா பட்டினி கிடந்தாள்" என்றார். அதன்மேல் குமுளியைப்பற்றி யாரும் பேசவில்லை.

திரும்பும் வழியில் இவ்விரண்டையும் சேர்த்தே எண்ணினோம். புறநானூறு கள்ளை ஈகையின் அடையாளமாகக் காட்டுகின்றது. திருவள்ளுவரோ கள்ளுண்ணாமைக்குத் தனியதிகாரமே வகுத்தார். இரண்டும் நம்முடையனவே. கள்ளைக் கண்டு நாணிச் சங்கப் பாட்டை மறைத்தலும் பிழை. சங்கப் பாட்டைக் காட்டிக் குடியைப் புகழ்தலும் பிழை. பகிர்ந்துண்ட கலம் வேறு. குடும்பத்தின் உணவைப் பறித்த கலம் வேறு. பாட்டின் பொருளை அறிய மதுவை உண்ணவேண்டுவதில்லை. அதனைக் கொடுத்தவன் யார், இழந்தவர் யார் எனக் கேட்டால் போதும். அக்கேள்வியை எமக்குக் கற்பித்தவர், எம்முடன் இரயிலில் வந்த அந்நண்பரே.